மண்ணிலிருந்து எழுந்த மனிதன்



நவீன சிற்பம் எப்படிப் பிறந்தது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். அதைத் தொடங்கி வைத்தவர் ஒகுஸ்த் ரோதான் என்ற பிரெஞ்சுச் சிற்பி. பாரிஸ் நகரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கையில் தொடங்கிய மாற்றம் நம் சென்னைக் கடற்கரைக்கு வந்து சேர்ந்த கதையையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

பாரிஸ் சிற்பிக்கும் நம் சாலவாக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கோயில் சுவரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் வட்டாரம் இது. ஒரு பக்கம் காஞ்சிக் கைலாசநாதர் கோயில், இன்னொரு பக்கம் மாமல்லபுரம். பிறந்த நாளிலிருந்து சிற்பத்தின் நடுவிலேயே வாழ்பவர்கள் நாம். நமக்கு ஒரு வெளிநாட்டுச் சிற்பி என்ன சொல்லித்தர முடியும்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் ஒவ்வொரு செய்தியையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துக் கேளுங்கள்.

ரோதான் பிறந்தது 1840 நவம்பர் 12. தந்தை காவல்துறை அலுவலகத்தில் சாதாரண எழுத்தர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஆனால் கை வரைந்துகொண்டே இருந்தது. பாரிஸின் புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியில் சேர மூன்று முறை நுழைவுத் தேர்வு எழுதினார். மூன்று முறையும் தோற்றார். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். உலகத்துச் சிற்பத்தின் போக்கையே மாற்றப்போகிறவரைச் சிற்பம் படிக்கத் தகுதியில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம் என்ன செய்தார்? கூலி வேலைக்குப் போனார். மாளிகைகளின் சுவருக்கும் கூரைக்கும் சுதையில் பூவும் கொடியும் செய்யும் வேலை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிறருடைய பட்டறைகளில், பிறருடைய பெயரில் வெளிவந்த வேலைகளைச் செய்தார். அந்த ஆண்டுகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. மண்ணும் சுதையும் விரலுக்குப் பழகியது அந்த நாள்களில்தான். தேர்வில் வென்று அந்தப் பள்ளிக்குள் போயிருந்தால், பள்ளி சொன்ன அழகையே அவரும் திரும்பச் செய்திருப்பார் என்பது என் எண்ணம்.

பள்ளி சொன்ன அழகு எது? பழைய கிரேக்கச் சிலைகளின் அழகு. வழுவழுப்பான மேனி, நேர்த்தியான மூக்கு, அளவெடுத்த உடம்பு. சிலை என்றால் கடவுளுக்கு, அரசனுக்கு, போர்த் தளபதிக்கு. உயரமான பீடத்தில் நிற்க வேண்டும், மக்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ரோதான் யாரைச் செய்தார் தெரியுமா? தன் பேட்டையில் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்த ஒரு கிழவரை. பிபி என்று அவரைக் கூப்பிடுவார்கள். மூக்கு உடைந்து நசுங்கிய முகம். 1860களின் தொடக்கம் அது. ரோதானின் பட்டறை ஒரு குதிரை லாயம். குளிர்காயக்கூட வசதியில்லை. கடுங்குளிரில் களிமண் உறைந்து, தலையின் பின்பாதி விண்டு விழுந்துவிட்டது. முகம் மட்டும் மிஞ்சியது. அந்த முகத்தை அப்படியே எடுத்துக் கண்காட்சிக்கு அனுப்பினார். நிராகரித்தார்கள். உடைந்த மூக்கில் என்ன அழகு என்று கேட்டார்கள். அந்த முகத்தின் பளிங்கு வடிவத்தை அதே கண்காட்சி ஏற்றுக்கொண்டது 1875இல்தான்.

அடுத்து நடந்தது இன்னும் கொடுமை. பெல்ஜியத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது இருபத்திரண்டு வயதுப் படைவீரர் ஒருவரை நிற்க வைத்து, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பாடுபட்டு ஒரு முழு உருவம் செய்தார். ‘வெண்கல யுகம்’ என்று இன்று பெயர். 1877இல் காட்சிக்கு வைத்தார். பார்த்தவர்கள் திகைத்தார்கள். மார்பு மூச்சு விடுகிறது, தோலுக்கு அடியில் தசை அசைகிறது. பாராட்டினார்களா? திருடன் என்றார்கள். உயிருள்ள மனிதன் மேல் நேரடியாகச் சுதையைப் பூசி அச்சு எடுத்துவிட்டான் என்று குற்றம் சாட்டினார்கள். அந்த வீரரின் புகைப்படங்களை எல்லாம் காட்டி, தன் உழைப்பு உண்மையானது என்று மெய்ப்பிக்க அவர் அலைய வேண்டியிருந்தது. பிறகு மற்ற சிற்பிகள் அவருக்காகப் பேசினார்கள். 1880இல் அரசாங்கமே அந்தச் சிலையை வாங்கியது.

அதே ஆண்டில் ஒரு பெரிய வேலையும் வந்தது. கட்டப்போகும் அருங்காட்சியகம் ஒன்றுக்கு வெண்கலக் கதவு வேண்டும் என்று அரசு கேட்டது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகத்தை எடுத்துக்கொண்டு ‘நரக வாயில்’ என்று தொடங்கினார். அருங்காட்சியகம் கட்டப்படவே இல்லை. கதவை ரோதான் விடவில்லை. சாகும்வரை, முப்பத்தேழு ஆண்டுகள், அதில் உருவங்களைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக இருந்தார். உலகமே அறிந்த ‘சிந்தனையாளன்’, முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி, கையில் முகவாயைத் தாங்கி உட்கார்ந்திருக்கிறானே, அவன் அந்தக் கதவின் மேல் விளிம்பில் உட்கார வைப்பதற்காகச் செய்யப்பட்டவன். அவனைப் பாருங்கள். தலையால் மட்டும் யோசிக்கிறானா? முதுகு யோசிக்கிறது, கால் கட்டைவிரல் யோசிக்கிறது. உடம்பு முழுவதும் மனம் பரவியிருக்கிறது. இதுதான் ரோதான் கொண்டுவந்த புதுமையின் கரு.

களிமண் என்று சொன்னேன். நம் வட்டாரம் களிமண்ணை அறியாததா? நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறதே, கடைசியில் படுகளம் வருகிறதே, அந்தத் துரியோதனனை நினைத்துப் பாருங்கள். திடலில் மண்ணைக் கொட்டி, மிதித்து, குழைத்து, ஆள்களைவிடப் பல மடங்கு நீளமாக மல்லாந்து கிடக்கும் உருவத்தைக் கையாலேயே எழுப்புகிறார்கள். அகலத் திறந்த கண், முறுக்கிய மீசை, மலைபோல் எழும் தொடை. பீமன் வேடம் கட்டியவர் அந்தத் தொடையில் அடிக்கிறார். செந்நீர் தெறிக்கிறது. பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள். பிறகு ஊரார் அந்த மண்ணை அள்ளி வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டு போகிறார்கள். அந்த உருவத்தில் கைத்தடம் தெரிகிறதா இல்லையா? அள்ளி அப்பிய இடம் தெரிகிறதா இல்லையா? அந்தத் தடம் தெரிவதால் அதன் வலிமை குறைகிறதா? கூடுகிறது.

ரோதான் செய்ததும் இதுதான். அவருடைய கை களிமண்ணில் வனைந்தது. அந்த மண்ணிலிருந்து சுதையில் அச்சு எடுத்து, பிறகு வார்ப்புக்காரர்கள் வெண்கலத்தில் வார்த்தார்கள். பளிங்கு வேலையை உதவியாளர்கள் செதுக்கினார்கள். மண்ணில் அழுந்திய கட்டைவிரல் தடத்தை அவர் தேய்த்து மறைக்கவில்லை. வெண்கலத்திலும் அது அப்படியே நிற்கும். வெயில் அந்த மேட்டிலும் பள்ளத்திலும் விழும்போது மேனி அசைவதாகத் தோன்றும். செய்தவன் கை, செய்யப்பட்ட உடம்பு, இரண்டும் ஒன்றாகத் தெரியும் சிற்பம் அது. சில உருவங்களுக்குத் தலையே வைக்காமல் விட்டார். ‘நடக்கும் மனிதன்’ என்ற சிற்பத்துக்குத் தலையும் இல்லை, கைகளும் இல்லை. நடை மட்டும் இருக்கிறது. நடையைக் காட்ட அது போதும் என்று துணிந்தார்.

இனி நான் மிகவும் மதிக்கும் சிற்பத்துக்கு வருகிறேன். கலே என்பது பிரான்சின் வடகரைத் துறைமுக நகரம். 1347இல் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு அதை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டான். கடைசியில் ஒரு நிபந்தனை விதித்தான். நகரத்தின் முக்கியமான ஆறு பேர், வெறுங்காலோடு, கழுத்தில் தூக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு, நகரத்தின் சாவிகளை ஏந்தி வர வேண்டும். அவர்கள் வந்தால் மற்றவர்கள் பிழைக்கலாம். ஆறு பேர் முன்வந்தார்கள். இறுதியில் அரசி மன்றாடியதால் அவர்கள் உயிர் தப்பியதாக வரலாறு சொல்கிறது.

இந்த அறுவருக்கு நினைவுச் சின்னம் செய்யச் சொல்லி 1884இல் ரோதானிடம் வந்தார்கள். வேறொரு சிற்பியாக இருந்தால் என்ன செய்திருப்பார்? தலைவர் ஒருவரை நடுவில் நிறுத்தி, மார்பை நிமிர்த்தி, கையை வானத்துக்கு உயர்த்தியிருப்பார். ரோதான் ஆறு பேரையும் சமமாக வைத்தார். சாவை நோக்கிக் கிளம்பும் அந்தக் கணத்தைப் பிடித்தார். ஒருவர் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். முதியவர் தலை குனிந்து அடியெடுத்து வைக்கிறார். இன்னொருவர் சாவியை இறுகப் பிடித்தபடி விறைத்து நிற்கிறார். பயம் இருக்கிறது, துயரம் இருக்கிறது, போகத்தான் வேண்டும் என்ற உறுதியும் இருக்கிறது. கைகளையும் பாதங்களையும் அளவுக்கு மீறிப் பெரிதாக்கினார். பாதம் தரையைவிட்டு எழ மறுக்கிறது, ஆனாலும் மனிதன் நடக்கிறான்.

ரோதான் இன்னொன்றும் கேட்டார். இவர்களைப் பீடத்தில் ஏற்றாதீர்கள், தரையோடு தரையாக வையுங்கள், கலே நகரத்து மக்கள் தெருவில் போகும்போது இவர்களை உரசிக்கொண்டு போகட்டும் என்று விரும்பினார். நகரத்தார் ஒப்பவில்லை. 1895இல் திறந்தபோது பீடத்தில் ஏற்றி, சுற்றிலும் வேலியும் போட்டார்கள். பின்னாளில்தான் தாழ்த்தி வைத்தார்கள். சிற்பி மனத்தில் கண்ட இடத்துக்கு ஊர் வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று.

எழுத்தாளர் பல்சாக்கின் சிலைக்கும் இதே கதி. 1891இல் எழுத்தாளர் சங்கம் கேட்டது. ரோதான் ஏழு ஆண்டு உழைத்தார். பல்சாக்கின் ஊருக்கே போய் ஆராய்ந்தார். அவருக்குத் துணி தைத்த தையற்காரரிடம் பழைய அளவைக் கேட்டுச் சட்டை தைத்துப் பார்த்தார். கடைசியில் எல்லா விவரத்தையும் விலக்கிவிட்டு, நீண்ட அங்கிக்குள் கோபுரமாக நிமிர்ந்த ஓர் உருவத்தை 1898இல் காட்டினார். ஊரே சிரித்தது. சங்கம் வாங்க மறுத்தது. ரோதான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிலையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் உயிரோடிருந்தவரை அது வெண்கலம் ஏறவில்லை. 1939இல்தான் பாரிஸ் தெருவில் நின்றது. இன்றைக்கு நவீன சிற்பத்தின் முதல் மைல்கல் எது என்று கேட்டால், அந்தப் பல்சாக்கைத்தான் பலர் காட்டுவார்கள்.

ரோதானைப் புகழும்போது ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லாமல் போனால் அது அநீதி. கமீல் கிளோதெல். இருபது வயதுவாக்கில் ரோதானின் பட்டறைக்கு மாணவியாக வந்தவர். உதவியாளராகவும், அவர் விரும்பிய பெண்ணாகவும் இருந்தவர். அதற்கெல்லாம் மேலாகத் தன்னளவில் மாபெரும் சிற்பி. கமீல் செய்த ‘வால்ஸ்’ நடனச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உறவு முறிந்தது. வறுமையும் தனிமையும் அவரைச் சிதைத்தன. 1913இல் குடும்பத்தார் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். முப்பது ஆண்டுகள் அங்கேயே கிடந்து 1943இல் இறந்தார். அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறக்க 2017வரை ஆயிற்று. ரோதானுக்கோ இறந்த இரண்டாம் ஆண்டே, 1919இல், அருங்காட்சியகம் திறந்துவிட்டது. இந்த இடைவெளிக்குப் பிரான்சு வெட்கப்பட வேண்டும். நாமும் நம் பெண் கலைஞர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருகிறேன். நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. ரோதான் தம் முதுமையில், முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில், சில புகைப்படங்களைப் பார்த்தார். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனிகளின் படங்கள். அவற்றில் திருவாலங்காட்டு நடராசர் தலையாயது. விக்டர் கோலூபெவ் என்ற ரஷ்ய அறிஞர் அவற்றைக் காட்டினார். இந்தியாவுக்கு வராத ரோதான் அந்தப் படங்களிலேயே மூழ்கிப்போனார். சிவன் நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அவர் இறந்தது 1917 நவம்பர் 17. நான்கு ஆண்டு கழித்து, 1921இல், அந்தக் கட்டுரை கலை அறிஞர்கள் ஆனந்த குமாரசாமி, ஹேவல் ஆகியோரின் கட்டுரைகளோடு ஒரே நூலாக அச்சாகியது.

அந்தக் கட்டுரையில் அவர் சமயத் தத்துவம் பேசவில்லை. உடம்பைப் பார்த்தார். நேரே நின்று பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், காலைத் தனியாக, கையைத் தனியாகப் பார்த்தார். வெண்கலத்தின் மேல் ஒளியும் நிழலும் எப்படி நகர்கின்றன என்று பார்த்தார். ஐரோப்பா நம் தெய்வ உருவங்களைப் பல கைகள் கொண்ட விநோதப் பொருள்களாகக் கருதிய காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பெரும் சிற்பி, இன்னொரு பெரும் சிற்பியின் வேலையாக அதை மதித்தார். சோழ நாட்டுப் பெயர் தெரியாத ஸ்தபதிக்கு அவர் செலுத்திய வணக்கம் அது. நாம் நடராசரைக் கண்டதும் கும்பிடுகிறோம். கும்பிட்ட பிறகு, தூக்கிய திருவடியின் முழங்கால் எப்படித் திரும்பியிருக்கிறது என்று பார்த்திருக்கிறோமா?

இந்த நூலில் எழுதிய ஹேவல், முன்பு சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்தவர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. பின்னர் ஹேவல் கல்கத்தா போனார். அங்கே அவரோடு சேர்ந்து இயங்கியவர் அபனீந்திரநாத் தாகூர். அபனீந்திரநாத்திடம் ஓவியம் கற்றவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அந்த ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்தார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர். கண்ணிக்குக் கண்ணி எப்படிக் கோத்து வருகிறது பாருங்கள்.

ராய் சௌத்ரி வங்காளி. 1899இல் பிறந்தவர். மல்யுத்தம் பழகிய கட்டுடம்பு, வேட்டைக்குப் போவார், புல்லாங்குழலும் வாசிப்பார். கைத்தொழில் பட்டறையாக இருந்த பள்ளியில், உயிருள்ள மனிதரை நிறுத்திப் பார்த்து வரையும், வனையும் பயிற்சியை ஊன்றினார். களிமண்ணில் வனைந்து வெண்கலத்தில் வார்ப்பது அவர் முறை. மேடும் பள்ளமுமான மேனி, சுமையைத் தாங்கும் தசை, தேய்த்து மறைக்காத கைத்தடம். ரோதானை அறிந்த கண்ணுக்கு அந்தத் தாக்கம் உடனே தெரியும். வங்கப் பஞ்சத்தில் பசியால் சுருண்டவர்களையும் செய்தார்.

சென்னை மெரினாவில் 1959 ஜனவரியில் அவருடைய ‘உழைப்பின் வெற்றி’ திறக்கப்பட்டது. நாம் உழைப்பாளர் சிலை என்கிறோம். நான்கு பேர், கோவணம் மட்டும் உடுத்தவர்கள், ஒரு பெரும் பாறையை நகர்த்துகிறார்கள். மன்னர் இல்லை, தளபதி இல்லை, பெயர்கூட இல்லை. முதுகு வளைந்திருக்கிறது, கெண்டைக்கால் முறுக்கேறியிருக்கிறது, பாதம் தரையை உதைக்கிறது. 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது அந்தக் கடற்கரையில்தான். அந்த மண்ணில் அந்தச் சிலை நிற்பது பொருத்தத்திலும் பொருத்தம்.

நண்பர்களே, அந்த நால்வரும் யார்? அவர்கள் நகர்த்துவது பாறை. பாறையோடு போராடுவது யாருடைய பிழைப்பு? சாலவாக்கத்தைச் சுற்றி எத்தனை கல்குவாரிகள், எத்தனை கிரஷர்கள்! வெடி வைத்துப் பிளந்த கல், ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் டிப்பர் லாரியில் ஏறிச் சென்னைக்குப் போகிறது. நகரத்தின் மாடிகளும் பாலங்களும் நம் பக்கத்துக் கல்லில் நிற்கின்றன. தூசியில் இருமி, வெயிலில் வெந்து அதை அனுப்புபவர்கள் நம் வீட்டு ஆள்கள். அவர்களுடைய உடம்புக்கு வெண்கலத்தில் மரியாதை செய்த சிற்பம் மெரினாவில் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும்போது எத்தனை பேர் அதன் அருகே நின்று பார்த்திருக்கிறோம்?

அதே 1959இல் மெரினாவில் வைத்த காந்தி சிலையும் ராய் சௌத்ரி செய்ததே. காந்தி நடக்கிறார். கோலை ஊன்றி அடியெடுத்து வைக்கும் அந்த வேகம்தான் சிலை. ராய் சௌத்ரியிடம் படித்த ஓவியர் பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். இன்னொரு மாணவர் தனபால் பெரியாரின் முகத்தைச் செய்தார், பிறகு, கல்லூரியாக மாறிய அதே கலைப்பள்ளியின் முதல்வரானார். சிற்பி ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து நம் கோயில் கவசங்களின் மரபைப் புதுமைக்குள் கொண்டுவந்தார். அவர்கள் ராய் சௌத்ரியைத் தாண்டிப் போனார்கள். ரோதானின் பட்டறையில் சில வாரம் இருந்துவிட்டு வெளியேறித் தன் வழியைக் கண்ட பிரான்குசி என்ற சிற்பியும் அப்படித்தான் தாண்டினார்.

முதலில் வைத்த கேள்விக்கு வருகிறேன். நமக்கு ரோதான் எதற்கு? மாமல்லபுரத்துச் சிற்பி பால் கறக்கும் ஆயரைச் செதுக்கினான், பேன் பார்க்கும் குரங்கைச் செதுக்கினான். எளிய உயிரைப் பார்க்கும் கண் நமக்கு இருந்தது. ஆனால் இன்று நம் முச்சந்திகளில் என்ன வைக்கிறோம்? ஒரே அச்சில் வார்த்த சிமெண்டு உருவம், மேலே தங்க நிறப் பெயிண்ட், கீழே ஆளுயரப் பீடம், சுற்றிலும் கம்பி வேலி. அந்தத் தலைவர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதனால்தான் வருந்துகிறேன். அம்பேத்கர் எத்தனை இரவு விழித்துப் படித்தவர், காமராசர் எத்தனை ஊர் நடந்தவர்! அந்த உழைப்பின் தடம் அந்த முகங்களில் தெரிகிறதா? வர்ணம் பூசி அவர்களை மனிதர்களாக இல்லாமல் ஆக்கிவிட்டோம். பார்க்கும் கண்ணை நாம் இழந்துகொண்டிருக்கிறோம், அதைத் திரும்பப் பெற ரோதான் உதவுவார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஆசிரியர்களே, பிள்ளைகளின் கையில் ஏரிக் களிமண்ணைக் கொடுங்கள், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து வனையச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களே, அடுத்த முறை ஒரு சிலை வைக்கக் கூடிப் பேசும்போது கடையில் அச்சுருவம் வாங்கிவர ஆள் அனுப்பாதீர்கள். மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியிலும், சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளிலும் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து வாருங்கள், ஊரில் தங்க வைத்துச் சோறு போடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். முதலில் கல்லுடைத்துத் தேய்ந்த நம் ஆள்களுக்கு ஒரு சிலை செய்யச் சொல்லுங்கள். அதை நம் கல்லிலேயே செய்து, பீடமும் வேலியும் இல்லாமல், நாம் நடக்கும் வழியில் தரையிலேயே வையுங்கள்.